உயர்தர விடுமுறை உணவகங்களில் உடைவிதியும் பிள்ளைகளின் நடத்தையும்

மலைவாசத் தலங்கள், கடற்கரை விடுதிகள், மனமகிழ் மன்றங்கள், கேளிக்கைப் பூங்காக்கள் ஆகியவற்றிலுள்ள விலையுயர்ந்த உணவகங்கள், குடும்பத்தோடு வருவோர் என்ன உடுத்தி வரலாம், கூட வரும் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எத்தனை வயதுப் பிள்ளைகள் வரலாம் என்று விதிக்கும் கட்டுப்பாடுகள் இத்தலைப்பில் அடங்கும். உடை பற்றிய விதி பெரும்பாலும் எழுத்தில் இருக்கும். பிள்ளைகள் பற்றியது சப்ளையரின் முகத்தில் தெரியும். தமிழ்நாட்டில் முதலாவதைப் பற்றி ஒரு தனிச் சட்டமே இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்தில் உள்ள அம்மையார்குப்பம் விசைத்தறிச் சேலைக்குப் பெயர்போன நெசவாளர் ஊர். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். கோட்டும் டையும் கேட்கிற சாப்பாட்டுக்கூடம் தேடி இந்த ஊருக்கு யாரும் வருவதில்லை. ஆனாலும் இந்தக் கட்டுரையின் பொருளுக்கும் ஊருக்கும் தொடர்பு உண்டு. இத்தகைய ஊர்களின் தறிகளிலிருந்து இறங்கும் சேலையும் வேட்டியும்தான் கடந்த சில பத்தாண்டுகளில் நாட்டின் பல பெரிய வாசல்களில் தடுத்து நிறுத்தப்பட்டன.

2014 ஜூலை 11 அன்று சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. அழைப்பின் பேரில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனும் வழக்கறிஞர்கள் இருவரும் வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடப்படவில்லை. மன்றத்தின் விதிப்படி முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும் ஷூவும் வேண்டும். பதவியில் இருக்கும் நீதிபதியையே வாசலோடு அனுப்பிய செய்தி சட்டமன்றத்தை எட்டியது. கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு அடுத்த மாதமே பொது இடங்களில் நுழைவதற்கான உடைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மனமகிழ் மன்றம், சங்கம், அறக்கட்டளை, நிறுவனம், கழகம் எதுவானாலும் தன் பொறுப்பிலுள்ள பொது இடத்தில் வேட்டியையோ வேறு இந்திய மரபு உடையையோ காரணம் காட்டி ஒருவரைத் தடுக்கக் கூடாது. மீறினால் உரிமம் ரத்தாகும். பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மன்றங்களின் இந்த விதிகள் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலிருந்து வந்தவை என்பது எல்லோரும் அறிந்ததே. மெட்ராஸ் கிளப் 1832இல் வெள்ளைக்காரர்களுக்காகத் தொடங்கியது. அங்கே இடமில்லாத இந்தியக் கனவான்கள் 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப்பைத் தொடங்கினர். கோடை வெயிலுக்கு அஞ்சி நீலகிரிக்கு ஏறிய ஆங்கிலேயர் 1841இல் ஊட்டி கிளப்பை நிறுவினர். ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் வகுக்கப்பட்ட இடம் என்று அது பெயர் பெற்றது. இராச்சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்பதற்கும் பெயர் பெற்றது. குளிர்ப் பிரதேசத்தில் கம்பளிக் கோட்டுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். அதே நியாயத்தைச் சேப்பாக்கத்து ஜூலை வெக்கைக்கும் பொருத்தியது வேடிக்கைதான்.

இலங்கையின் நுவரெலியாவில் 1876இல் தோன்றிய ஹில் கிளப் இன்னும் இந்த வழக்கத்தை விடவில்லை. இரவு உணவுக்கு ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும். இல்லாமல் வருபவருக்கு மன்றமே இரவல் தருகிறது. சுற்றிலும் மலையகத் தமிழர் கொழுந்து பறிக்கும் தேயிலைச் சரிவுகள். நடுவே இரவல் கோட்டில் சூப் குடிக்கும் சுற்றுலாப் பயணி. சுற்றுலாப் பயணிக்கு இது ஒருவகை நாடக வேடம், பெரும்பாலும் அவர் ரசித்தே போட்டுக்கொள்கிறார். வேடம் என்று தெரிந்து போட்டுக்கொள்வதில் யாருக்கும் அவமானமில்லை. சொந்த உடையை இழிவென்று சொல்லித் திருப்பி அனுப்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அப்படித் திருப்பி அனுப்பியதற்கு நாடெங்கும் எடுத்துக்காட்டுகள் உள்ளன. வெறுங்காலோடு நடப்பதை வழக்கமாக்கிக்கொண்ட ஓவியர் எம்.எஃப். உசேன் 1988இல் பம்பாயின் வில்லிங்டன் கிளப்பில் அனுமதிக்கப்படவில்லை. 2021 செப்டம்பரில் தில்லி உணவகம் ஒன்றில், சேலை 'ஸ்மார்ட் கேஷுவல்' ஆகாது என்று ஊழியர் சொல்வதாக ஒரு காணொளி பரவியது. சேலைக்குத் தடை இல்லை என்று உணவகம் மறுத்தது. 2023இல் மும்பை ஜுஹுவிலுள்ள உணவகமொன்றில் வேட்டி சட்டையோடு போன தமிழ் இளைஞர் உள்ளே விடப்படவில்லை என்று வெளியிட்ட காணொளி தமிழ்நாட்டில் வேகமாகப் பரவியது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடுவதால், மும்பை வாசலில் அதைக் காட்டிப் பயனில்லை.

குடும்ப உலா என்ற கோணத்தில் இவற்றுள் மிக முக்கியமானது பெங்களூரில் நடந்தது. 2024 ஜூலையில் ஹாவேரி மாவட்டத்து முதிய விவசாயி ஒருவரை அவருடைய மகன் படம் பார்க்க மாகடி சாலையிலுள்ள வணிக வளாகத்துக்கு அழைத்துப் போனார். கையில் டிக்கெட் இருந்தும், பெரியவர் வேட்டி கட்டியிருந்ததால் காவலாளி தடுத்தார். மறுநாள் கன்னட அமைப்புகள் வேட்டியோடு வளாகத்தின் முன் திரண்டன. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. ஏழு நாள் வளாகத்தை மூடும்படி கர்நாடக அரசு உத்தரவிட்டது. ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போகும் பிள்ளைக்கு அந்த வாசலில் என்ன தோன்றியிருக்கும் என்பதை எந்த உத்தரவும் ஈடுசெய்யாது.

பிள்ளைகளின் பக்கம் திரும்பினால், இங்கே விதியை எழுதி வைத்தவர்கள் வெளிநாட்டவர்களே. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பிள்ளைகளுக்கென்றே கட்டப்பட்ட வால்ட் டிஸ்னி உலகத்தின் உள்ளேயே, 'விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்' என்ற உணவகம் 2008 முதல் 10 வயதுக்குட்பட்டவர்களை அனுமதிப்பதில்லை. அங்கேயே மற்ற உயர்வகை உணவகங்கள் பிள்ளைகளை வரவேற்கின்றன; நீச்சலுடையோடும் கிழிந்த உடையோடும் வராதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஜார்ஜியா மாநில மலைப்பகுதியில் டொக்கோவா ஆற்றங்கரை உணவகம் ஒன்று, பிள்ளைகளைக் கவனிக்காத பெற்றோரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதாக மெனுவிலேயே அச்சிட்டிருந்தது 2023இல் பெரும் விவாதமானது. இத்தாலியின் பதுவா நகரத்து மதுக்கூட உணவகம் 2017இல் எதிர்த்திசையில் போனது: அடக்கமாக அமர்ந்து சாப்பிட்ட பிள்ளைகளின் குடும்பத்துக்குப் பில்லில் 5 விழுக்காடு தள்ளுபடி.

தென் கொரியாவில் 'நோ கிட்ஸ் ஸோன்' என்ற பலகை சிற்றுண்டிக் கடைகள் வரை பரவியது. அந்நாட்டின் விடுமுறைத் தீவான ஜெஜுவில் 13 வயதுக்குட்பட்டவர்களை மறுத்த இத்தாலிய உணவகத்தின் மேல் ஒரு குடும்பம் புகார் செய்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2017இல் இது பாகுபாடு என்று அறிவித்தது. சில பிள்ளைகள் தொல்லை தந்தார்கள் என்பதற்காகப் பிள்ளைகள் அனைவரையும் வெளியே நிறுத்துவது பொருந்தாது என்பதே அதன் நிலை.

இந்திய அரசமைப்பின் 15(2) பிரிவு கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. உடையும் வயதும் அந்தப் பட்டியலில் இல்லை. 'அனுமதி உரிமை எங்களுடையது' என்ற பலகை நடைமுறையில் இந்த இடைவெளியில்தான் தொங்குகிறது. அந்தப் பலகை எதை மறைக்கக்கூடும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளே போதும். 2017 ஜூனில் தில்லி கோல்ஃப் கிளப்பின் விருந்துக்கு, ஒரு குடும்பத்தின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், காசி (Khasi) பழங்குடியைச் சேர்ந்த பெண்மணி தம் இன மரபுடையான ஜைன்செம் அணிந்து வந்தார். வேலைக்காரி போல இருக்கிறார் என்று சொல்லி அவரை எழுந்துபோகச் சொன்னார்கள். 2023 மார்ச்சில் சென்னை ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர் மறித்தார். காணொளி பரவியதும், படத்துக்கு யு/ஏ சான்றிதழ் என்பதால் கூட வந்த சிறுவர்களை அனுமதிக்க முடியவில்லை என்று திரையரங்கு விளக்கம் தந்தது. பிள்ளைகளின் வயது இங்கே விதியா, சாக்கா? அந்த விளக்கத்தை நம்பியவர்கள் குறைவு. பார்வையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அக்குடும்பம் உள்ளே விடப்பட்டது.

பிள்ளைகளின் நடத்தையை அளப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில், மாற்றுத்திறனுள்ள ஒரு சிறுவன் பதற்றத்தில் இருந்ததைக் காட்டி இண்டிகோ ஊழியர்கள் அவனை விமானத்தில் ஏற்ற மறுத்தனர். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. உணவகத்தில் சத்தம் போடும் பிள்ளை எல்லாம் வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை என்று முடிவு கட்டும் அடுத்த மேசைக்காரருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

சாப்பாட்டு ஒழுக்கம் தமிழுக்கு இறக்குமதிச் சரக்கு அன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றிய நூறு வெண்பாக்களைக் கொண்டது. அதன் கணிசமான பகுதி உண்பதைப் பற்றியே பேசுகிறது. ஒற்றை ஆடையோடு உண்ணக் கூடாது, அவைக்குள் நுழையவும் கூடாது என்கிறது. படுத்துக்கொண்டோ நின்றுகொண்டோ சாப்பிடக் கூடாது. பெரியவர்களோடு அமர்ந்தால் அவர்களுக்கு முன் தொடங்கவோ எழவோ கூடாது. இத்தனை கறாரான நூல், குழந்தைகள் என்று வரும்போது பொறுப்பை எதிர்ப்பக்கம் வைக்கிறது. விருந்தினர், முதியோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோருக்கு உணவளித்த பிறகே தான் உண்ண வேண்டும் என்கிறது. கல்யாணப் பந்தியில் பிள்ளைகளை முதலில் உட்கார வைக்கும் வழக்கமும் இதை ஒத்ததுதான். பசித்த பிள்ளைதான் ஓடும், அழும், இலையைக் கிழிக்கும் என்பதைப் பந்தி விசாரிப்பவர்கள் அறிவார்கள். நட்சத்திர விடுதியில் ஆர்டர் செய்து முக்கால் மணி நேரம் காத்திருக்கும் நாலு வயதுப் பிள்ளை முள்கரண்டியால் தட்டைத் தட்டுவதற்கும் அதே காரணம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளிலும் ஊட்டி, கொடைக்கானல் ஓட்டல்களிலும் குடும்பங்கள் இன்று சந்திக்கும் விதிகள் பெரும்பாலும் எளியவை. நீச்சல் குளத்தில் நைலான் உடை வேண்டும். பருத்தி உடைக்கும் சேலைக்கும் இடமில்லை. அதே நைலான் உடையில் சொட்டச் சொட்ட உணவுக்கூடத்துக்கு வரக் கூடாது. பஃபேயில் சூடான பாத்திரங்களின் அருகே பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. செல்பேசியில் கார்ட்டூன் சத்தம் கூடாது. இவை எல்லாம் தோற்றத்தை விட்டுவிட்டுச் செயலைப் பார்க்கும் விதிகள். காரணம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். காரணம் சொல்ல முடியாத விதிதான் பெரும்பாலும் ஆளைப் பார்த்து மாறும் விதியாக இருக்கிறது.

திருத்தணிப் பகுதியே உடைவிதியின் வேறொரு முகத்தைக் கண்டது. திருத்தணி முருகன் மலைக்கோயிலின் 365 படிகளில் ஆங்கிலப் புத்தாண்டு இரவில் நடக்கும் திருப்படித் திருவிழா, அன்றைய நாளில் வெள்ளைக்காரத் துரைகளுக்கு வணக்கம் சொல்லப் போன மக்களை முருகன் பக்கம் திருப்ப வள்ளிமலை சுவாமிகள் தொடங்கியது என்பர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுப்படி, தமிழ்நாட்டுக் கோயில்களில் உடைவிதி நடைமுறைக்கு வந்ததும் ஒரு புத்தாண்டு நாளில்தான், 2016 ஜனவரி 1. ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா அல்லது முழுக்கால் சட்டை. பெண்களுக்குச் சேலை, தாவணி அல்லது மேலாடையோடு சுடிதார். பிள்ளைகளுக்கோ உடலை முழுதும் மூடிய எந்த உடையும் போதும். கிளப் வாசலில் தடுக்கப்பட்ட வேட்டி கோயில் வாசலில் கட்டாயப் பட்டியலுக்கு வந்தது. அதே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவை நிறுத்தி வைத்தது.

திருத்தணிக் கோயிலில் 2021 செப்டம்பர் முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகள், காவடி எடுத்து வந்த ஈர வேட்டிக்காரர்கள், சேலை, சுடிதார், ஜீன்ஸ் எல்லாம் ஒரே பந்தியில் உட்காருகின்றன. குடும்பத்தோடு வெளியூர் போய்ச் சாப்பிடுவது என்றால் இந்த வட்டாரத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இத்தகைய பந்திதான்.

விலையுயர்ந்த விடுதிக்குப் போகிறவர்கள் முன்பதிவின்போதே உடைவிதியையும் பிள்ளைகளுக்கான வயது வரம்பையும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. பிள்ளைக்குச் சீக்கிரம் தரக்கூடிய பண்டம் எது என்று கேட்டு அதை முதலில் வரவழைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். தமிழ்நாட்டுக்குள் மன்றமோ நிறுவனமோ நடத்தும் பொது இடத்தின் வாசலில் வேட்டியையோ சேலையையோ காட்டி யாராவது தடுத்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லலாம். அது இன்னும் நடைமுறையில் உள்ளது.