அன்று வி.பி.பி., இன்று ரிட்டர்ன்



ஓசூரில் நைட்டி தைத்து ஆன்லைனில் விற்கும் என் பழைய மாணவி ஒருத்தி, போன வாரம் நாட்றாம்பாளையம் வந்திருந்தாள். "சார், உடுத்திப் பார்த்துக் கறையோட திருப்பி அனுப்புறாங்க. கூலி கொடுக்கணும், பணமும் இன்னும் வரல" என்றாள். எனக்கு வி.பி.பி. ஞாபகம் வந்தது.

பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கி வரும் வேலையை நம் தபால் துறை 1877-லேயே தொடங்கிவிட்டது. முதலில் பணம், அப்புறம்தான் பார்சலைப் பிரிக்கலாம். அந்தப் பணம் மணியார்டராக விற்றவருக்குப் போகும். வேண்டாம் என்றால் பார்சல் பிரிக்காமலே திரும்பும். விற்றவருக்குத் தபால் செலவு நட்டம், சரக்கு முழுசாகக் கிடைக்கும். உள்ளே செங்கல் இருந்தால் ஏமாந்தவர் வாங்கியவர்.

2010-ல் பெங்களூருவின் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரி கொண்டுவந்தது. முன்பணம் கட்டப் பயந்தவர்களும் வாங்கத் தொடங்கினார்கள். திருப்பித் தரும் வசதியும் பரவியது. வாங்குபவரின் பயம் குறைந்தது. அது விற்பவரிடம் போய்ச் சேர்ந்தது.

2016-ல் மத்திய அரசு வெளியிட்ட அந்நிய முதலீட்டு விதி, டெலிவரியும் வாடிக்கையாளர் திருப்தியும் விற்பவரின் பொறுப்பு என்றது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளையும் விளம்பரத்துக்கு மாறான பொருளையும் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்றன. நியாயம்தான். ஆனால் "பிடிக்கவில்லை" என்று திருப்புவது சட்டம் கேட்டதல்ல, கம்பெனிகள் தரும் சலுகை. சலுகை தருபவர் ஒருவர், செலவு பெரும்பாலும் இன்னொருவர் தலையில்.

பணமும் அப்படியே. 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி, சரக்கை வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் ஆன்லைன் தளம் தன்னை வாங்குபவர் என்று சொல்வதில்லை, இடையில் நிற்பவர் என்கிறது. எனவே அந்தச் சட்டத்தைக் காட்டி அவள் கேட்பது கடினம். ஒப்பந்தத்தில் போட்ட தேதிதான் கணக்கு.

விற்கும் பிள்ளைகளே, சேரும் முன் ரிட்டர்ன் விதியையும் பணம் வரும் தேதியையும் படியுங்கள். பேக் செய்வதையும், திரும்பி வந்ததைப் பிரிப்பதையும் வீடியோ எடுத்து வையுங்கள். வாங்கும் உறவுகளே, வாசலில் வந்த பார்சலைக் காரணமின்றித் திருப்பாதீர்கள். அந்தச் செலவு நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் தையல் கூலியாக இருக்கலாம்.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.