திகதி குறித்தது யார்?

ஒரு கணினிக்கு வயது போய்விட்டது என்று முடிவெடுப்பது யார் என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 2009 இல் வந்த விண்டோஸ் 7 இன் 32 பிட் பதிப்பு கேட்டது 1 ஜிகாஹேர்ட்ஸ் செயலியும் 1 ஜிகாபைட் நினைவகமும்தான். 2015 இல் வந்த விண்டோஸ் 10 இன் 32 பிட் பதிப்பும் வேகத்திலும் நினைவகத்திலும் அதற்குமேல் கேட்கவில்லை. 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 அந்த வழக்கத்தை முறித்தது. வேகமும் நினைவகமும் தாராளமாக இருந்தும், டீ.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லை, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்று நல்ல கணினிகள் தள்ளுபடியாகின. 2017 இல் புதிதாக வாங்கிய ஏழாம் தலைமுறைக் கணினிகளில் பெரும்பாலானவையும் அதில் அடக்கம். ஆனால் செயலிச் சோதனையைத் தாண்டி நிறுவும் ஒரு பதிவேட்டு மாற்றத்தை மைக்ரோசொப்ட்டே வெளியிட்டது. ஆகவே இயங்க முடியாமை இங்கே காரணமல்ல.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கும் சம்மாந்துறையில், இயங்க முடியாமைக்கும் அனுமதி மறுப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு பெரியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. கணினி படிக்கும் பிள்ளைக்குப் புது மடிகணினி எட்டாத விலைக்குப் போனது. விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடியும் நாளென்று அமெரிக்காவில் குறித்த திகதிக்காக, வேலைசெய்யும் கணினியை ஒதுக்கச் சொல்வது நியாயமாகாது.

பாதுகாப்பு என்னாவது என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் தீம்பொருள் பரவியபோது, 2014 இலேயே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அனுமதியில்லாத கணினியில் குறுக்குவழியில் ஏற்றிய விண்டோஸ் 11 க்கு இற்றைப்படுத்தல் உறுதியில்லை. அதனால் மாணவர் விவரமோ வங்கிக் கணக்கோ கையாளும் பழைய கணினிக்கு, திருத்தங்கள் தொடர்ந்து வரும் லினக்ஸே என் தெரிவு. இலங்கைத் தமிழ் விசைப்பலகையும் அதில் உண்டு. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கியல் மென்பொருளை நம்பியிருக்கும் கடைக்காரருக்கு இது பதிலாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

லினக்ஸும் பழையதைக் கைவிடுகிறதே என்பது அடுத்த வாதம். உண்மை. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியதே 386 செயலியில்தான்; 2012 டிசம்பரில் அந்த 386 க்கான ஆதரவே நீக்கப்பட்டது. ஆனால் அந்தச் சில்லில் இல்லாத சில கட்டளைகளுக்காகத் தனிக் குறிமுறையைச் சுமப்பது லினக்ஸ் கருவின் வளர்ச்சிக்கே தடையாயிற்று என்ற காரணம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பும், தனக்குத் தேவையான பொப்கவுண்ட் கட்டளை இல்லாத மிகப் பழைய செயலிகளில் தொடங்காது. அந்த மறுப்பை ஏற்கலாம். ஆனால் 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிந்தபோது வெளியே நின்ற கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கட்டளை இருக்கிறது.