நாலு மணிப் பறப்பு, பத்து மணி வழி

நம் குடியிருப்பில் பிள்ளைகளைத் துபாய்க்கு அனுப்பியிருக்கும் வீடுகளில் கேட்டால், மதுரைக்கு நாலு மணி நேரம்தான் என்பார்கள். பறக்கிற தூரம் சுமார் 3,000 கிலோமீட்டர், கணக்கு சரிதான். ஆனால் துக்க வீட்டில் கேட்கிற கேள்வி வேறு: "பையன் எப்போ வந்து சேருவான், எப்போ எடுக்கிறது?" இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போனதே இல்லை, விமானம் வந்த காலத்திலிருந்தே.

1929-இல் லண்டனிலிருந்து கராச்சிக்கு இம்பீரியல் ஏர்வேஸ் வாராந்தரச் சேவை தொடங்கியது. ஏழு நாள் பயணம். அதிலும் சுவிட்சர்லாந்தின் பாசெலில் இறங்கி, இத்தாலியின் ஜெனோவா வரை ரயிலில் போக வேண்டும்! பிறகு கடல் விமானம். எகிப்தில் மறுபடி மாறி ஏற வேண்டும்.

கராச்சிக்கு வந்த தபாலைச் சென்னைக்குக் கொண்டுவர 1932 அக்டோபர் 15-இல் டாடாவின் விமானம் கிளம்பியது. பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடாவே ஓட்டினார்; அங்கிருந்து நெவில் வின்சென்ட். வழியில் அகமதாபாத்தில் விமானத்துக்குப் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில். கராச்சி, அகமதாபாத், பம்பாய், பெல்லாரி, சென்னை என்று மொத்தம் 2,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 160 கிலோமீட்டர் போகிற அந்த பஸ் மாத் விமானத்துக்கு அது 13 மணி நேர வேலை. தபால் சென்னை சேர்ந்ததோ மறுநாள். இருட்டில் பறக்க வசதியில்லை; ராத்திரி பெல்லாரியில் தங்கல். பெல்லாரியும் நம்மைப்போலப் பருத்தி விளையும் கரிசல் பூமிதான். பம்பாயின் ஜுஹு மைதானம் மழைக்காலத்தில் சேறாகிவிட, சேவையைப் பூனாவுக்கு மாற்றினார்கள். ஒரு மழைக்குக் கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும் விதம் தெரிந்த நமக்கு இது புதிதல்ல.

நமக்கு மிக அருகில் இருப்பது வாகைக்குளம். தூத்துக்குடி விமான நிலையம் அங்கே 1992-இல் திறந்தது. ஓடுதளம் முன்பு 1,350 மீட்டர்தான் இருந்தது, ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்களே இறங்க முடிந்தது. ஆக, துபாயிலிருந்து வருகிறவருக்கு ஓர் ஊரில் இறங்கி மாறுவதும் காத்திருப்பதும் மிச்சம். ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்துவிட்டார்கள். பெரிய விமானம் இறங்க இடமிருக்கிறது. துபாய்க்கு நேர் சேவைதான் வேண்டும்.

அதுவரை மதுரைதான். துபாயில் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பறப்பு நாலு. குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிய ஒன்று. கோவில்பட்டிக்குக் காரில் இரண்டுக்குள். பத்து மணி ஆயிற்று. நம் கடிகாரம் துபாயைவிட ஒன்றரை மணி முந்தி ஓடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அங்கே காலை ஆறுக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிற பிள்ளை, இங்கே வாசலில் இறங்கும்போது மாலை ஐந்தரை ஆகியிருக்கும். அதுவும் அன்றைக்கு விமானம் இருந்து, டிக்கெட்டும் கிடைத்தால்.