முன்தகைவுக் கற்காரை வடிவமைப்புக் கல்வி: நூல், மென்பொருள், தமிழ்

முன்னுரை

சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில் திண்டிவனத்திற்கு வடக்கே அமைந்த ஊர் ஒலக்கூர். அப்பாதையில் தண்டவாளங்களைத் தாங்கும் கான்கிரீட் சிலிப்பர் கட்டைகள் முன்தகைவுக் கற்காரையால் ஆனவை. இந்திய இரயில்வேயின் டி-2496 வகைக் கட்டை ஒன்றினுள் 18 எஃகு இழைகள் உள்ளன. அவற்றை முதலில் இழுத்துப் பிடித்து, கற்காரையை வார்த்து, அது இறுகியபின் விடுவிக்கின்றனர். சுருங்க முயலும் இழைகள் கற்காரையை இறுக்குகின்றன. சுமையால் விரிசல் தோன்றுவதை அவ்விறுக்கம் தடுக்கிறது. இக்கட்டுமானத்தை வடிவமைக்கும் அறிவு எவ்வழிகளில் மாணவரை அடைந்தது, அவற்றுள் தமிழின் இடம் யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இழப்புக் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நிகழ்ந்த தொடக்க முயற்சிகள் நிலைபெறவில்லை. கற்காரை காலப்போக்கில் சுருங்குவதால் கம்பியின் இழுவிசை குறைவதே காரணம். சாதாரண எஃகைச் சதுர மில்லிமீட்டருக்கு 140 நியூட்டன் அளவில் இழுத்தால் அதன் திரிபு 0.0007 மட்டுமே. கற்காரை 0.0008 அளவு சுருங்கினால் இறுக்கம் முற்றிலும் அழியும். உயர்வலிமை எஃகை 1000 நியூட்டன் அளவில் இழுத்தால் 160 மட்டுமே இழப்பாகும். இவ்வுண்மையை உணர்ந்த பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே 1928இல் காப்புரிமை பெற்றார். இன்றளவும் இப்பாடத்தின் உயிர்நாடி இழப்புக் கணக்கே.

நூலும் நெறிமுறையும்

இந்தியாவில் 1948இல் அசாம் இரயில் இணைப்புத் திட்டத்தில் இம்முறை கையாளப்பட்டது. 1954இல் செங்கல்பட்டுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே முன்தகைவுச் சாலைப்பாலம் எழுந்தது. தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற நிறுவனங்களிடம் இருந்த அறிவு பின்னர் நூல்களுக்குப் பரவியது. டி. ஒய். லின் 1955இல் வெளியிட்ட பாடநூல் உலகெங்கும் பயிலப்பட்டது. 1960இல் ஐ.எஸ். 1343 நெறிமுறை வெளிவந்தது. 1980, 2012 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. என். கிருஷ்ணராஜுவின் நூல் இந்திய வகுப்பறைகளில் நிலைத்த இடம் பெற்றது. இவை யாவும் ஆங்கிலத்தில் அமைந்தவை.

மென்பொருளும் காணொளி வகுப்பும்

1970இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வில்சன் உருவாக்கிய சேப் நிரல், கட்டமைப்புப் பகுப்பாய்வைக் கணினிக்குக் கொணர்ந்தது. பின்னர் அடாப்ட், மிடாஸ் சிவில் போன்ற மென்பொருள்கள், கம்பிவடத்தின் வளைவு, உராய்வு, காலத்தால் நேரும் இழப்பு ஆகியவற்றைத் தாமே கணக்கிடத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் அம்லான் சென்குப்தா, தேவதாஸ் மேனன் ஆகியோரின் என்.பி.டி.இ.எல். பாடம் இத்துறையைக் கட்டணமின்றி அனைவருக்கும் திறந்தது.

எனினும் மென்பொருளின் விடையைச் சரிபார்க்கக் கைக்கணக்கு இன்றியமையாதது. 27 மீட்டர் நீளக் கம்பிவடத்தை 1000 நியூட்டன் அளவில் இழுத்தால், உராய்வு நீங்கலாக, அது ஏறத்தாழ 135 மில்லிமீட்டர் நீளும். பின் இழுப்பு முறையில் ஜாக்கி காட்டும் அழுத்தமும் இந்த நீட்சியும் ஒத்துவருகின்றனவா என்பதைப் பணியிடத்திலேயே பார்த்தாக வேண்டும். அளவு குறைந்தால் குழாயில் அடைப்போ மிகை உராய்வோ இருக்கக்கூடும்; மிகுந்தால் பிடிப்பான் வழுக்கியிருக்கவோ இழை அறுந்திருக்கவோ கூடும்.

தமிழ்வழிக் கற்றல்

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அப்பிரிவுகளை நிறுத்தும் அறிவிப்பு எழுந்து, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. பாடப்பிரிவு நிலைபெற வேண்டுமெனில் அதற்குரிய கருவிநூல்களும் வேண்டும். கலைச்சொல் இதில் முதன்மை பெறுகிறது. 'முன்னழுத்தம்' என்றால் கற்காரை பெறும் இறுக்கம் மட்டுமே புலப்படும். கம்பி தாங்கும் இழுவிசை மறையும். பள்ளி இயற்பியல் ஏற்கெனவே பயிற்றும் 'தகைவு' இவ்விரண்டையும் தழுவும். ஆதலின் 'முன்தகைவு' என்பதே பொருத்தமானது.

முடிவுரை

காப்புரிமை, நூல், நெறிமுறை, மென்பொருள் என அறிவின் ஊடகம் மாறியபோதும் இழப்பைக் கணக்கிடும் அடிப்படை மாறவில்லை. ஜாக்கியை இயக்குவோரும் நீட்சியைக் குறித்துக்கொள்ளும் மேற்பார்வையாளரும் தமிழில் உரையாடும் பணியிடத்தில், அவ்வடிப்படை தமிழில் விளங்குவது பாதுகாப்புக்கு உரிய தேவையாகும். இழப்பு, நீட்சி, பிடிப்பான் வழுக்கல் ஆகியவற்றைக் கைக்கணக்குகளுடன் விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்று, மென்பொருள் பயிற்சிக்கு முன்னதாக மாணவர் கையில் இருத்தல் வேண்டும்.