வீடு எதைக் கொடுக்கும்?

பிள்ளை புத்தகத்தைத் தொட வேண்டுமானால் முதலில் அப்பாவும் அம்மாவும் தொட வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழங்கதையைப் பார்த்தால், வீடு தன்னிடம் இருந்ததைத்தான் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடின் கீழ் ஏழாண்டு இங்கே நிலவரி வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னரானபோது, 1822இல், மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் தொகுத்து எழுதியபோது பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650. சென்னை நகரக் கணக்குதான் என்னை நிறுத்துகிறது: பள்ளியில் படித்தவர்களைவிடப் பல மடங்காக, வீட்டிலேயே படித்தவர்கள் 26,903 பேர். இந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயப்பட்டார். ஆனாலும் வெளி மாவட்டங்களிலும் உறவினரிடமோ தனி வாத்தியாரிடமோ பிள்ளைகள் வீட்டில் படிப்பது உண்டு என்று எழுதினார். அப்படிப் படிக்க, வீட்டில் எழுத்தறிந்த ஒருவர் இருக்க வேண்டும். இல்லையேல் வாத்தியாருக்குக் கொடுக்க நெல்லோ பணமோ இருக்க வேண்டும். ஏரைப் பிடித்தவர் வீட்டில் இரண்டும் இல்லை.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியின் தந்தை கிராம முன்சீப். எழுத்து புழங்கிய வீடு. அங்கிருந்து ஓசூர்ப் பள்ளிக்கும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கும் போக வழி இருந்தது. அதே ராஜாஜி முதலமைச்சராக 1953இல் கிராமத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்: பிள்ளைகளுக்கு ஒரு வேளை மட்டும் பள்ளி, மறுவேளை பெற்றோரிடம் தொழில். காசில்லாத அரசு இருக்கிற கட்டடத்திலேயே இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்க முயன்றது என்று அதற்காக வாதாடுவோர் உண்டு. அந்த நெருக்கடி மெய்யானது, உடலுழைப்பை மதிக்கும் நோக்கத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் முன்சீப் வீட்டில் கழியும் அரைநாளும் குயவர் வீட்டில் கழியும் அரைநாளும் ஒன்றல்ல. ஒரு பிள்ளைக்கு அது கூடுதல் படிப்பு. இன்னொன்றுக்கு அது படிப்பின் முடிவு. குலக்கல்வி என்று தமிழ்நாடு கொதித்தது அதனால்தான். 1954இல் காமராசர் முதலமைச்சராக வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைப் பட்டதாரியாக்கவில்லையா என்று கேட்கலாம். ஆக்கினார்கள், வயிற்றைக் கட்டி ஆக்கினார்கள். அது படிப்புக்காகச் செய்த தியாகம். பாடப்புத்தகத்தைத் தாண்டி, யாரும் சொல்லாமல், சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு கதையைக் கையில் எடுக்கும் பழக்கம் வேறு. அதைப் பிள்ளை கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெண்களில் 64 பேர்தான். பிள்ளைக்கு அருகிலேயே இருக்கும் அம்மாவிடம்தான் குறை மிகுதி. எழுத்தறிந்த வீட்டிலும் இன்னொரு தடை உண்டு. இது எல்லைச் சீமை. வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது. 2006இன் தமிழ் கற்றல் சட்டம் வந்தபின் பள்ளியில் எல்லாருக்கும் தமிழ். தமிழ் கற்பது பிள்ளைக்கு நன்மையே. ஆனால் தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்த அப்பா, மகளின் கதைப் புத்தகத்தைத் திறந்து அவளோடு உட்கார முடியாது.

1970களில் ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். மாதச் சம்பளம் வந்தது, ஷிப்டும் வந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குபவரிடம் முன்மாதிரியாகப் படித்துக் காட்டுங்கள் என்று அறிவுரை மட்டும் சொல்வது நியாயமாகாது. வீட்டால் முடியாததைப் பொதுவில் கொடுக்க ஒரு வழி உண்டு: 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அதன்படி சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஓசூர்க்காரர்களும் அதைக் கட்டுகிறார்கள். சிப்காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் ஷிப்ட் முடிந்து வருபவருக்குத் திறந்திருக்கும் கிளை நூலகமும், தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் அடுக்கிய அலமாரியும், அம்மாக்களுக்கு மாலை வகுப்பும் அந்தப் பணத்தில் அவர்கள் கேட்கக்கூடியவை.