சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கும் நெல் கடனும்

ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் 1762 முதல் 1778 வரை திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்தார். 1766-ல் அங்கே கிறிஸ்து நாதர் ஆலயத்தைக் கட்டினார். ஆங்கிலேயப் படைக்கும் குருவாக இருந்ததால் ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் கிடைத்தது. அதில் ஒரு பகுதியைச் சபைக்குச் செலவிட்டார்.

பிறகு தஞ்சாவூர் சென்றார். 1780-ல் ஹைதர் அலி படையெடுத்தபின் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. வெளியே கிராமங்களில் நெல் இருந்தும் குடியானவர்கள் தரவில்லை. முன்பு கொடுத்ததற்கே அவர்களுக்குப் பணம் வரவில்லை. அரசரின் வாக்கையும் அவர்கள் நம்பவில்லை. பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னதும் 1,000 மாடுகளும் 80,000 கலம் நெல்லும் வந்து சேர்ந்தன. கணக்குப்படி எல்லோருக்கும் பணம் கொடுத்தார்.

கடனைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. சொன்னபடி கொடுத்துத் தீர்ப்பவரின் வாக்குதான் பஞ்ச காலத்தில் செல்லுபடியானது.