ஒலிபெருக்கியின் பசி

மாணவ நண்பர்களே, முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் சொன்ன நான், ஓய்வு பெற்ற பின் என் பேரனால் ஒரு பாடம் கற்க நேர்ந்தது. அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

வீட்டிலேயே திரைப்படம் கண்டு களிக்க ஐந்து ஒலிபெருக்கிகளும், அவற்றை இயக்கும் ரிசீவர் ஒன்றும் வாங்கினோம். ரிசீவரின் பெட்டிமேல் 'ஆயிரம் வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தனர். அவ்வெண்ணை நம்பியே பணம் கொடுத்தேன். முதல் நாள் மாலை, படத்தில் இடி முழங்கிய கட்டத்தில் ரிசீவர் தானே அணைந்து போயிற்று. மேல்மூடியைத் தொட்டேன், கை சுட்டது. "ஆயிரம் வாட் போதவில்லையா, தாத்தா?" என்றான் பேரன். விடை தெரியாமல் விழித்தேன். பின்னர் அவ்விடையை வரலாற்றில் கண்டேன்.

1906-ல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் மூன்று மின்முனைகள் கொண்ட வால்வை ஆக்கினார். நலிந்த மின்னலைகளைப் பெருக்கும் கருவிகள் அதிலிருந்து தோன்றின. ஆயினும் அக்காலப் பெருக்கிகளின் ஆற்றல் மிகச் சிறிது. ஆதலால் பேசும்படங்களின் தொடக்க நாட்களில் கொட்டகைத் திரைக்குப் பின்னே மாபெரும் ஊதுகொம்புகளை நிறுத்தினர். சில வாட் ஆற்றலைக் கொண்டே அவை அரங்கை நிறைத்தன.

1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், கம்பிச்சுருளால் காகிதக் கூம்பை அசைத்து ஒலியெழுப்பும் முறையை விளக்கினர். அடுத்த ஆண்டு அவ்வொலிபெருக்கி விற்பனைக்கு வந்தபோது, அதன் பெட்டிக்குள்ளேயே பெருக்கியும் அமைந்திருந்தது. இரண்டும் ஒன்றற்கொன்று பொருந்த வேண்டியவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1954-ல் ஒரு திருப்பம் நேர்ந்தது. எட்கர் வில்ச்சர் என்பார், காற்றுப் புகாத சிறு பெட்டியில் ஒலிபெருக்கியை அடைத்து, உள்ளிருக்கும் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். அலமாரித் தட்டில் வைக்கத்தக்க பெட்டி ஆழ்ந்த ஒலியைத் தந்தது. பெட்டி சிறுத்தது, ஆனால் மின்பசி பெருத்தது. 1960-களில் பரவிய டிரான்சிஸ்டர் பெருக்கிகள் அப்பசிக்கு உணவளித்தன.

ஆற்றல் மலிவாகவே, விளம்பரத்தில் வாட் எண்ணும் வீங்கிற்று. கணப்பொழுது மட்டும் தரக்கூடிய ஆற்றலையும் சிலர் முழு ஆற்றலாகக் காட்டினர். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974-ல் விதி வகுத்தது: தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் எவ்வளவு, எத்தனை ஓம் தடையில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு சிதைவுடன் என்பவற்றைச் சொல்ல வேண்டும்.

இவ்விதியைப் படித்தபின் எங்கள் ரிசீவரின் குறிப்பேட்டை எடுத்தேன். ஆயிரம் என்பது ஒவ்வொரு வாய்க்காலையும் தனித்தனியே அளந்து கூட்டிய தொகை. இரு வாய்க்கால்கள் ஒருங்கே இயங்கும்போது, எட்டு ஓமில், ஒவ்வொன்றும் தருவது எண்பது வாட்டே. ஐந்தும் ஒருங்கே இயங்கினால் ஒரே மின்வழங்கியை அவை பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஒலிபெருக்கிகளோ ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தொலைவில், 84 டெசிபெல் ஒலிப்பவை. 90 டெசிபெல் தரும் ஒலிபெருக்கிக்கு ஈடாக ஒலிக்க அவற்றுக்கு நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். ஏனெனில் மூன்று டெசிபெல் கூடுதற்கு ஆற்றல் இரட்டிக்க வேண்டும். மேலும் அவற்றின் தடை நான்கு ஓம். அதே மின்னழுத்தத்தில் எட்டு ஓமை விட இருமடங்கு மின்னோட்டம் பாயும். சூட்டின் காரணம் விளங்கிற்று. சூடு மிகுந்ததும் கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்தது; அது நன்மையே. எல்லை மீறிய பெருக்கி அலைகளின் முகட்டை வெட்டும்; அவ்வெட்டுண்ட அலை உயர்சுர ஒலிபெருக்கியைச் சுட்டெரிக்கவும் கூடும்.

ரிசீவரை மாற்றவில்லை. அதன் பின்புறத்துப் 'பிரீ-அவுட்' முனைகளில், நான்கு ஓம் தடையைத் தாங்கும் தனிப் பெருக்கி ஒன்றை இணைத்து, முன்னிரு ஒலிபெருக்கிகளை அதனிடம் ஒப்படைத்தோம். மற்ற மூன்றையும் ரிசீவர் சூடேறாமல் இயக்கிற்று. இடி முழங்கியது, படமும் நிற்கவில்லை.

நண்பர்களே, வாழ்நாளெல்லாம் மதிப்பெண் இட்டவன் நான். எண்ணைக் கண்டதும், எதனை, எந்நிலையில் அளந்தார்கள் என்று கேட்க நானே மறந்தேன். நீங்கள் மறவாதீர்கள்.